நிலத்தடிக்குப் போகாத தண்ணீர்

முன்மாதிரி என்பது ஒரு மனிதரின் பெயராக இருக்க முடியுமா என்று கேட்டால், இருக்க முடியாதுதான். ஆனால் நம் ஆளுக்கு அதுவே பெயராகிப்போனது. நிலத்தடி நீர் செறிவூட்டல் துறை அவரை முன்மாதிரி விவசாயி என்று அறிவித்து, சட்டைப்பையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தது. ஊரார் விவசாயியை விட்டுவிட்டு முன்மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் மனைவிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். இந்தக் கதை நடந்த நாட்களில் அவளுக்குக் கோபம் வராத நாளே இல்லை.

திட்டம் இதுதான். அறுவடை முடிந்து குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் நெல்வயல்களில் தண்ணீரைக் கட்டி நிறுத்தவேண்டும். நின்ற தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, கிணறுகளின் மட்டத்தை உயர்த்தும். குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, நல்ல திட்டம். எங்கேயோ செய்து பார்த்துப் பலனும் கண்டிருக்கிறார்கள். தண்ணீருக்குக் கீழே போகத் தெரியும், அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதற்கும் சொல்லிக்கொடுக்க ஒரு துறையை வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் வினை.

வயலைத் தேர்வு செய்ய இணை இயக்குநர் ஜீப்பில் வந்தார். முதலில் பார்த்தது பக்கத்து வயல்காரரின் நிலத்தை. மணல் கலந்த மண், காலையில் விட்ட தண்ணீர் மாலையில் இருக்காது. வயல்காரர் அதை மறைக்காமல் சொன்னதும் இணை இயக்குநர் முகத்தைச் சுளித்தார். தண்ணீர் இப்படிப் பொசுக்கென்று உள்ளே போய்விட்டால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்பது அவர் கவலை. மேலிடத்திலிருந்து வருவார்கள், படம் எடுப்பார்கள், வெறும் மண்ணையா படம் எடுக்க முடியும்? அந்த வயல் தகுதியில்லாதது என்று தள்ளப்பட்டது.

நம் ஆளின் வயல் சாலையை ஒட்டி இருந்தது. ஜீப் வரப்பு வரைக்கும் போகும், பளபளக்கும் ஷூவில் சேறு படாது. மண்ணோ சுத்தக் களிமண். காலங்காலமாகச் சேற்றுழவு உழுது உழுது அடியில் தட்டுப்போல இறுகிக் கிடந்தது. நெல்லுக்கு அதுதான் வேண்டும், தண்ணீர் நிற்கவேண்டுமே. அந்த வயலில் விட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்து மேலே போகுமே தவிர, கீழே போகாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் இணை இயக்குநர் அவர் தோளில் கைபோட்டு, "உங்களைத்தான் இத்தனை நாளா தேடிட்டு இருந்தோம்" என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் தேடியதில்லை. சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார்.

அடுத்து, வயலை நிரப்பத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாய்க்கால் வேறு துறை. நிலத்துக்கு மேலே ஓடும் தண்ணீரைத் தொட செறிவூட்டல் துறைக்கு அதிகாரம் கிடையாது. நிலத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர் மட்டும்தான் அவர்களுடையது. ஆகவே, நிலத்தடி நீரைப் பெருக்குவதற்கு வேண்டிய தண்ணீரை நிலத்தடியிலிருந்தே எடுப்பது என்று முடிவாயிற்று. நம் ஆளின் வீட்டுக் கிணறு வயலின் மூலையிலேயே இருந்தது ரொம்ப வசதி. அதில் பெரிய மோட்டாரை இறக்கி, முத்திரை வைத்துப் பூட்டி, கிணற்றின் உட்சுவரில் அன்றைய நீர்மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டார்கள். வரப்பை உயர்த்திக் கட்டினார்கள். வடிமடையைப் பலகை வைத்து அடைத்தார்கள்.

தொடக்க விழாவில் இணை இயக்குநர் பேசினார். "நண்பர்களே, நீர் என்பது இறங்கவேண்டிய ஒன்று. இறங்குவதற்கு முதலில் அது மேலே வரவேண்டும். மேலே கொண்டுவருவதுதான் நம் துறையின் பணி. இறங்குவது நீரின் பணி. நம் பங்கை நாம் குறைவில்லாமல் செய்வோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நம் ஆள் எல்லோரையும்விடக் கூடுதலாகத் தட்டினார். மனைவி தட்டவில்லை. கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிற்கிற தண்ணீருக்கு ஒரு காவலர் வேண்டும். உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது என்றார்கள். வீட்டில் ஓர் ஆள் தயாராக இருந்தான், மனைவியின் தம்பி. எத்தனையோ இடத்தில் வேலை தேடி, கிடைக்காமல், அக்கா வீட்டுச் சோற்றைத் தலை குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன். அவனுக்கு ஒரு தொப்பி, ஒரு விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்து நீர்க் காவலர் ஆக்கினார்கள். மடையைத் திறக்கிறவர்கள், வரப்பை வெட்டுகிறவர்கள், வயலுக்குள் குழாய் போடுகிறவர்கள், இந்த மூன்று பேரையும் கண்டால் விசில் அடிக்கவேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும் வரைக்கும் அவனுக்கு வேலை. அன்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்கு நல்ல காலம் பிறந்ததில் நம் ஆளுக்கும் சந்தோஷம்தான். காவல் யாரிடமிருந்து என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க மோட்டார் ஓடியது. தண்ணீர் தொடையளவு நின்றது. வெள்ளைப் பறவைகள் வந்து இறங்கின. ஜீப்புகளும் வந்து நின்றன. வந்தவர்கள் வரப்பில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மோட்டாரில் ஒரு மீட்டர் இருந்தது. அதில் ஓடிய தண்ணீர் அத்தனையும் நிலத்துக்குள் செறிவூட்டப்பட்ட தண்ணீர் என்று துறை கணக்கில் ஏற்றிக்கொண்டது. கிணறு மட்டும் கணக்கைப் படிக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடுகிடுவென்று இறங்கியது.

இதை இணை இயக்குநரிடம் நம் ஆள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கவலைப்பட்டார். உண்மையாகவே கவலைப்பட்டார், அவரைக் குறை சொல்லக்கூடாது. "பாத்தீங்களா, நிலத்தடி நீர் எவ்வளவு மோசமாக் குறையுது? நல்லவேளை, நாம இங்க இருக்கோம்" என்றார். அன்றிலிருந்து மோட்டார் இன்னும் கூடுதல் நேரம் ஓடியது. மனைவி குடிக்கத் தண்ணீருக்கு, தகுதியில்லாத வயல்காரரின் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் கிணற்றில் தண்ணீர் மேலேயே இருந்தது.

குளிர் குறைந்தது. வெயில் ஏறியது. அவர்களுக்கு இருந்தது அந்த ஒரே வயல். வருஷத்துச் சாப்பாடு அதில்தான் விளையவேண்டும். பக்கத்து வயல்காரர் இரக்கப்பட்டு, தன் நிலத்தின் ஓரத்தில் நாற்றங்காலுக்கு ஒரு துண்டு இடம் கொடுத்திருந்தார். அங்கே விட்ட விதை முளைத்து, பச்சைப்பசேலென்று நின்றது. நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. பருவம் தப்பினால் முற்றிப்போகும், பிறகு மாட்டுக்குப் போடவேண்டியதுதான். வயலை வடித்து, உழுது, நடவேண்டும். அப்படி ஒன்றும் பெரிய காரியம் இல்லை, மடைப் பலகையைத் தூக்கினால் போதும். அவர் போய்ப் பலகையில் கை வைத்தார்.

விசில் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். தொப்பி நேராக இருந்தது. முகம்தான் அழுதுவிடும்போல இருந்தது.

"அத்தான், கையை எடுத்துடுங்க. நீங்க தொட்டா நான் ஊதியே ஆகணும். பலகையைத் தூக்கிட்டா ஆபீசுக்குச் சொல்லணும். சொன்னா உங்களைத்தான் புடிப்பாங்க. சொல்லலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"டேய், இது என் வயல்டா."

"எனக்குத் தெரியாதா அத்தான்? ஆனா தண்ணி அவங்களோடது."

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் பாத்திரங்களை மட்டும் ஓசைப்படுத்தினாள். மடையைத் திறந்தால் தம்பிக்கு வேலை போகும், திறக்காவிட்டால் மூன்று பேருக்கும் சோறு போகும். கடைசியில் அவளே முடிவு சொன்னாள். ஆபீசுக்குப் போய் முறையாகக் கேட்டுவிட்டு வாருங்கள், முன்மாதிரிக்கு இல்லை என்றா சொல்வார்கள் என்றாள். அவள் கேலி செய்தாளா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

செறிவூட்டல் துறை அலுவலகத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வராந்தாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் குட்டி வயல், குட்டி வரப்பு, குட்டிக் கிணறு. மேலே ஊற்றும் நீலத் தண்ணீர் அழகாகக் கீழே இறங்கிக் குட்டிக் கிணற்றை நிரப்பும். காத்திருந்த நேரமெல்லாம் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயலில் நடக்காதது இதில் எப்படி நடக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. இணை இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"அது ஸ்பாஞ்சு. முதல்ல உங்க வயல் மண்ணைத்தான் கொண்டுவந்து வெச்சோம். தண்ணி இறங்கவே மாட்டேன்னுடுச்சு. வர்றவங்களுக்குத் திட்டம் புரியணும் இல்லையா, அதான் மண்ணை மாத்திட்டோம்" என்றார் இணை இயக்குநர். சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சத்தின் நிழல்கூட இல்லை.

நம் ஆள் நாற்றைப் பற்றிச் சொன்னார். பருவத்தைப் பற்றிச் சொன்னார். தண்ணீரை வடிக்க முடியாது என்றால் அப்படியே நிற்கட்டும், ஓர் ஓரமாகக் கொஞ்சம் ஆழத்தைக் குறைத்தாவது நட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். இணை இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். செறிவூட்டல் கட்டமைப்புக்குள் பயிர் வைப்பது ஆக்கிரமிப்பு ஆகும் என்று அன்பாக விளக்கினார். திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார் நம் ஆள். முன்மாதிரி விலகினால் மற்றவர்கள் யாரைப் பின்பற்றுவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நம் ஆள் எழுந்து போகும்போது இணை இயக்குநர் ஒரு வழி சொன்னார். "கிணத்துல தண்ணி அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சுன்னா திட்டம் நிறைவேறிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீங்க மடையைத் திறந்துக்கலாம். அடுத்த வாரம் நானே ஆய்வுக்கு வர்றேன்."

மோட்டார் ஓடுகிற வரைக்கும் கிணறு எப்படி ஏறும் என்று நம் ஆள் கேட்டார். கிணறு ஏறுகிற வரைக்கும் மோட்டாரை எப்படி நிறுத்துவது என்று இணை இயக்குநரும் கேட்டார். பிறகு நம் ஆள் வீட்டுக்கு வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி வயலைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், தம்பியைக் கூப்பிட்டாள். ஆய்வுக்கு முந்தின நாள் மோட்டாரை நிறுத்திவிடுவார்களா என்று கேட்டாள். கிணறு அசங்காமல் இருக்கவேண்டும் என்று நிறுத்திவிடுவார்கள் என்றான். மடை, வரப்பு, குழாய் தவிர வேறு எதற்காவது விசில் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றான். வாளிக்கு?

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "வாளியைப் பத்தி ஒண்ணும் சொல்லலைக்கா" என்றான்.

மோட்டார் நின்றதுதான் தாமதம், மூன்று பேரும் வயலில் இறங்கினார்கள். நம் ஆள் மொண்டு கொடுத்தார், மனைவி வாங்கி நடந்தாள், மச்சான் கிணற்றடியில் நின்று ஊற்றினான். தொப்பியைக் கழற்றி நாற்காலியின்மேல் வைத்திருந்தான், நாற்காலியாவது காவல் காக்கட்டும் என்று. பக்கத்து வயல்காரர் முதலில் வரப்பில் நின்று சிரித்தார். பிறகு நாற்றங்காலைத் திரும்பிப் பார்த்தார், அவரும் ஒரு வாளியோடு வந்தார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து நம் ஆள் சந்தோஷமாக இருந்தது அன்று ஒருநாள்தான். கிணறும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஊறியது. மறுநாள் காலை ஜீப் சத்தம் கேட்டபோது தண்ணீர் சிவப்புக் கோட்டை நனைத்துக்கொண்டு நின்றது.

இணை இயக்குநர் கிணற்றை எட்டிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷப் பணியில் தன் திட்டம் ஒன்று பலித்ததை அவர் பார்த்ததே இல்லை. நம் ஆளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மடையைத் திறந்துகொள்ளலாமா என்று நம் ஆள் கேட்டது அவர் காதில் விழவில்லை.

"திறக்கறதா? இவ்வளவு நல்லா வேலை செய்யற வயலை யாராவது மூடுவாங்களா?" என்றார்.

அந்த வாரமே வயல் நிரந்தரச் செயல்விளக்க மையம் ஆனது. மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. மச்சானின் வேலையும் நிரந்தரமானது. அந்தச் செய்தியை அக்காவிடம் சொல்ல அவன் வீட்டுக்குள் வரவே இல்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். நாற்றின் நுனியில் மஞ்சள் தட்டியிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது, உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம் ஆள் நினைத்தார். வெற்றி விழாவில் முன்மாதிரி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று சொன்னபோது, அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்.

பந்தல் நிறைய ஆட்கள். மேலிடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அவர் மைக் முன்னால் போய் நின்றார். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி சொன்னார்.

"தண்ணி தானா இறங்கலைங்க. என் வயல்ல இறங்காது, அது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் சொல்லாதது என் தப்பு. அன்னைக்கு நாங்கதான் வாளியில மொண்டு கிணத்துல ஊத்தினோம்."

மச்சான் கண்களை மூடிக்கொண்டான். மேலிடத்துக்காரர்கள் இணை இயக்குநரைப் பார்த்தார்கள். நம் ஆளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும், மடையைத் திறந்துவிட்டால் போதும்.

இணை இயக்குநர் மெதுவாக எழுந்து வந்தார். மைக்கை வாங்கினார்.

"கேட்டீர்களா? நீர் இறங்கத் தயங்கியபோது இந்தக் குடும்பம் அதைத் தன் கைகளால் சுமந்து சென்று நிலத்தடியில் சேர்த்திருக்கிறது. மக்கள் பங்கேற்பு, மக்கள் பங்கேற்பு என்று இத்தனை காலமாகப் பேசிவந்தோம். அது என்னவென்று எங்களுக்கே இன்றுதான் புரிந்தது. மண்ணை நம்பியிருந்தது எங்கள் தவறு. இனி இந்தத் திட்டத்தில் சேரும் ஒவ்வொரு குடும்பமும் நாள்தோறும் வயல்நீரை வாளியால் மொண்டு கிணற்றில் சேர்க்கும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மேலிடத்துக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

இப்போது மோட்டார் கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு அனுப்புகிறது. நம் ஆளும் மனைவியும் வயல் தண்ணீரை வாளியில் கிணற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். துறை கொடுத்த வாளி, பக்கவாட்டில் அளவுக் கோடு போட்டது. பக்கத்து வயல்காரரையும் சேர்த்துவிட்டார்கள். மண் ஒரு தடையல்ல என்று ஆகிவிட்டபடியால் அவர் வயலும் தகுதி பெற்றுவிட்டது. அங்கே தண்ணீர் நிற்கவேண்டும் என்று அடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறார்கள். மச்சானின் கடமைகளில் வாளியும் சேர்ந்துவிட்டது. அளவு குறைந்தால் அவன் ஊதவேண்டும். அக்கா வரும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான்.

ஒருநாள் காலை இணை இயக்குநர் விருந்தினர்களோடு வந்து வரப்பில் நின்றார். எல்லோரும் படம் எடுத்தார்கள். மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள். அதுவரை அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஐயா, நாத்து முத்திப்போயிட்டே இருக்கு. இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும். வயல்ல எப்போ நடலாம்னு சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்."

அவர் அவளைக் கனிவோடு பார்த்தார். உதவவேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது.

"எந்த வயல்லம்மா?" என்றார்.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்தத் திசையில் பார்த்தார், விருந்தினர்களும் பார்த்தார்கள். நம் ஆளும் வாளியோடு நின்று பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது.